மயிலாப்பூர் மல்லிகைக்கு முப்பத்துமூன்றரை மணி நேரம்

சனிக்கிழமை மாலை ஆறு மணி. மயிலாப்பூர் குளத்தருகே, எனக்கு வாடிக்கையாகப் பூ கொடுக்கும் தனத்தின் முன் நின்றேன்.

"நாளைக்கு இதே ஆறு மணிக்கு டொராண்டோல என் பொண்ணுக்கு வளைகாப்பு. அப்ப விரியற மாதிரி அஞ்சு முழம் குடு."

மகள் புடவை கேட்கவில்லை, முறுக்கு கேட்கவில்லை. ஐந்து வருடமாக முகராத மல்லிகையைத்தான் கேட்டிருந்தாள்.

"அது எத்தினி தூரம்மா கீது?"

"பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. காலைல நாலு மணிக்கு ஏறினா சாயங்காலம் மூன்றரைக்கு இறங்கிடுவேன். டிக்கெட்லயே போட்டிருக்கான்."

"இன்னாம்மா, மாம்பலத்துல ஏறி தாம்பரத்துல எறங்குற மாதிரி சொல்லிக்கினு கீற!"

முழம் எண்பது ரூபாய்க்கு ஐந்து முழம் அளந்தவள், கேட்காமலே இன்னொரு பொட்டலம் கட்டினாள். ஈரத்துணிக்குள் தொடுக்காத அரும்புகள், பச்சை மாறாமல். "இத்த மட்டும் ஜில்லுனு வெச்சுக்கோ. அங்க போய் நீயே கட்டு. எரநூறு ரூவா."

"தள்ளிவிடப் பாக்கறியா?"

"வாடிப்போச்சுன்னா அங்கேர்ந்து என்னியத் திட்டுவ. எனக்கு எதுக்கு வம்பு?"

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன்.

துபாய் கடிகாரத்தில் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு விமானம் மாறினேன். பணிப்பெண்ணிடம் ஐஸ் வாங்கி அரும்புப் பொட்டலத்தின் மேல் வைத்துக்கொண்டேன். பிறகு வெளிச்சம், வெளிச்சம்தான். சூரியனும் எங்களோடு டிக்கெட் வாங்கியதுபோல் ஜன்னலோரமாகவே வந்தது. கீழே பனியா மேகமா என்று தெரியாத ஒரு வெள்ளை. கண்ணை மூடினால் கோயில் மணி கேட்பதுபோல் இருந்தது.

ஏழு மணி நேரம் கழிந்திருக்கும். குப்பென்று வாசனை.

"யக்கா, பூ விரிஞ்சிட்டு போலுக்கே!" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். "இன்னும் ஏழு மணி நேரம்லா கெடக்கு?"

"எப்படி? மூன்றரைக்குத்தானே..."

"அது அந்த ஊரு மூன்றரை. நம்மூர விட ஒம்பதரை மணி நேரம் பின்னால ஓடுது. இப்போ மெட்ராஸ்ல சாயங்காலம் ஆறு."

வெளியே நண்பகல் வெயில். பூவுக்கு மட்டும் மயிலாப்பூரில் விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது.

டொராண்டோவில் இறங்கி, அதிகாரிகளிடம் பூவைக் காட்டி, மகள் வீடு சேர்ந்தபோது நாலே முக்கால். ஐந்து முழமும் பழுப்பேறித் துவண்டிருந்தது. மகள் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, வாசனை இருக்கே," என்றாள். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

ஈரத்துணியை அவிழ்த்தேன். உள்ளே ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சமையலறை மேடையருகிலேயே நின்று தொடுத்தேன். பழக்கம் விட்ட விரல் நாலு அரும்பைத் தவறவிட்டது. ஆறு மணிக்கு மகள் தலையில் சூட்டி, முதல் வளையலைப் போட்டேன். வளையல் ஏற ஏற, அரும்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். விடவே மனமில்லாதவள்போல.

அப்போது மயிலாப்பூரில் திங்கள் விடியற்காலை மூன்றரை. தனம் கோயம்பேடு பூச்சந்தைக்குப் புறப்பட்டிருப்பாள், வேறு யாருடைய மாலைக்கோ அரும்பு பொறுக்க.