சும்மா கெட என்று சொல்ல ஓர் ஆள்

போன வருஷம் கார்த்திகை மாதக் கடைசியில், ஏற்காடு தலைச்சோலையில், என் சொந்த வீட்டு வாசலிலேயே நடந்தது இது. நான் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை. இன்று யார் யார் பழம் பறிக்க வந்தார்கள் என்று எழுதுகிற ரைட்டர். என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவள் மெஷின் ஓயாது. அந்த வருஷம் மட்டும் மெஷின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. கேட்டதற்கு அசதி என்றாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், எதிர்ப்பு சக்தி. மிளகு, இஞ்சி, துளசி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொதிக்கவைத்து நீட்டினேன். பாவம், குடித்தாள்.

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு முதல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல பனிமூட்டம். உடம்பில் புது ரப்பர் மழைக்கோட்டு, தலையில் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா. பஸ் கண்ணாடியில் பார்த்தபோது பெரிய ஆபீசர் மாதிரி இருந்தேன். வாசலுக்கு வந்தால், எங்கள் வீட்டு நாய்கள் இரண்டுக்கும் அப்படித் தோன்றவில்லை. காட்டெருமையையே விரட்டுகிற ஜாதி. ரப்பர் நாற்றத்தில் என் வாசனை மறைந்துபோனது போல. தினமும் என் கையால் சோறு தின்பவை என் மேலேயே பாய்ந்தன. ஆபீசர் ஒரே தாவலில் விறகு அடுக்கின் மேல் ஏறினார். கோட்டின் பின்பாதி ஒரு நாயின் வாயில் தங்கிவிட்டது.

மனைவி கதவருகே வந்துவிட்டாள். தாழ்ப்பாள் ஆடுகிற சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. நான் கத்துகிறேன், நாய்கள் என்னைவிட நன்றாகக் கத்துகின்றன. கடைசியில் ஜன்னலை முழங்கையால் தள்ளித் திறந்தாள்.

“ஏனுங்க, அசையாம நில்லுங்க. தாப்பாளு எனக்கு வரலீங்க” என்றாள். பிறகு நாய்களைப் பார்த்து, “டேய், சும்மா கெட. நம்மூட்டு ஆளுடா அது.”

குரலைக்கூட உயர்த்தவில்லை. இரண்டும் காதை மடக்கிக்கொண்டு வாலை ஆட்டின. நான் இறங்கியதும் ஒன்று வந்து என் காலை நக்கியது.

ஜன்னல் வழியாகக் கையை விட்டு நானே தாழ்ப்பாளைத் தள்ளி உள்ளே போனேன். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். கணுக்கணுவாக வீங்கி, சிவந்து, மடங்கவே இல்லை. காலையில் நொம்ப நேரம் அப்படித்தான் இருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று பல வாரமாகச் சமாளித்திருக்கிறாள். எஸ்டேட்டில் ஒரு ஆள் குறைந்தால் உடனே கண்டுபிடிக்கிற ரைட்டருக்கு வீட்டில் இது தெரியவில்லை.

சேலத்து டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, அதை அடக்க மாத்திரை வேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் கோணிவிடலாம், அப்புறம் ஊசி பிடிக்க முடியாமல் போகும் என்றார். என் மனைவி பயந்துவிட்டாள். சத்தில்லாத உடம்பு, இருக்கிற சக்தியையும் குறைத்தால் எப்படி என்று மாத்திரையே வேண்டாம் என்றாள். இக்கட்டில் மாட்டினால் எனக்கு வாயில் வருவது ஜோக்குதான். பாய்ந்த நாய்கள், விறகு அடுக்கு, கிழிந்த கோட்டு, இவளுடைய ‘சும்மா கெட’ எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சட்டென்று என் மனைவி பக்கம் திரும்பினார்.

“அதேதாம்மா இது. உங்க உடம்புல காவலுக்குக் குறைவே இல்ல. ஒழுங்குபடுத்துற டி செல்கள்னு ஒரு வகை இருக்கு. சண்டை போடுற செல்களைப் பார்த்து, போதும், இது நம்ம ஆளுன்னு சொல்லி நிறுத்தறது அதோட வேலை. வீக்கம் அடங்கறதுக்கும் அது வேணும். உங்களுக்கு அதோட பேச்சு சரியா எடுபடல. மாத்திரை அந்தப் பாய்ச்சலைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.”

காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். மனைவி என் பக்கம் திரும்பி, “அப்போ நீங்க காச்சிக் காச்சிக் குடுத்தது, பாயற நாய்க்குச் சோறுங்களா?” என்றாள். கஷாயத்தால் வந்த நோய் இல்லை என்று டாக்டரம்மா எனக்காக வாதாடினார். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் அது வேண்டாமாம்.

மாத்திரையை அந்த வாரமே ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸ் துணிகளையெல்லாம் தைக்காமலே திருப்பிக் கொடுத்தோம். அன்று அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவளே ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

இப்போதெல்லாம் அவள் “ஒண்ணுமில்லீங்க” என்று சொன்னால், பேச்சுவாக்கில் அவள் கையைப் பிடித்து விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்த பிறகுதான் நான் நம்புகிறேன்; இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று அவள் திட்டுகிறாள், திட்டட்டும்.