பூவும் ஞாயிற்றுக்கிழமையும்

அப்பா முனிரத்தினம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். போன சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போது விழுந்தார். மாரடைப்பு. அம்மா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நானும் அவரும்தான்.

அவருக்கு ஒரே பைத்தியம், 1806. வேலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வெள்ளைக்காரன் கோட்டைச் சிப்பாய்களுக்குப் புதுத் தொப்பி கொடுத்தான். அதில் தோலால் ஒரு குஞ்சம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்றான். ஜூலையில் சிப்பாய்கள் கிளம்பினார்கள், கோட்டைக்குள் ரத்தம். அப்பா பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய மே மாதத்தை. தொப்பி வேண்டாம் என்று சிப்பாய்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். கிடைத்தது சவுக்கடி. ஜூலைக்குப் பிறகு உத்தரவை வாபஸ் வாங்கினார்கள்.

"அதயே மே மாசத்துல செஞ்சிருந்தா ஒரு சண்டையும் வந்திருக்காது," என்பார். வீட்டிலும் சொல்வார், லைனிலும் சொல்வார்.

"அப்ப வெள்ளைக்காரன் இன்னும் ஜாஸ்தி நாள் இருந்திருப்பானே?" என்று நான் கேட்டால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

நான் ராணிப்பேட்டையில் பாய்லர் வால்வுகளைச் சோதிக்கும் இன்ஜினியர். அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் நீராவியை வெளியே விட்டால் பாய்லர் வெடிக்காது. ஓடிக்கொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமையும் கட்டாய வேலை என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லோரும் தொப்பி போட வேண்டும், தலையில் பூ கூடாது, துப்பட்டா கூடாது என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆலங்காயம் பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே போகாமல் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். முன்னால் அப்பாவின் லைனில் தைக்கும் சுந்தரி, பக்கத்தில் அதே லைன் அக்தரி பேகம். மற்ற லைன்களும் வந்து உட்கார்ந்தன.

அப்பா மேனேஜர் அறைக்குப் போய் மே மாதக் கதையைச் சொன்னார். "தொப்பிய இன்னிக்கே வாபஸ் வாங்கிடுங்க சார்."

வாங்கிவிட்டார். பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து மெஷினுக்குப் போனார்கள். மறுநாள் சுந்தரி ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிப் பேசியபோது, கூட உட்கார ஆள் இல்லை.

மதியம் சாப்பிடும் இடத்தில் சுந்தரி அப்பாவிடம் வந்தார். "இன்னாண்ணே, எங்க பூவ வாங்கிக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமைய அவன்கிட்ட குடுத்துட்டியே. கெட்டிக்காரன்தான் நீ."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அப்பாவை யாரும் அண்ணே என்று கூப்பிடவில்லை. சார் என்றார்கள். மேனேஜர்கள் சாப்பிடும் மேசைக்கும் யாரும் கூப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்து சாப்பிட்டார். "எனக்கு இன்னா கொற, நிம்மதியா சாப்புடுறேன்," என்பார். ஒருநாள் மட்டும் கேட்டார்: "நான் போய்ட்டா லைன்லேர்ந்து யாராச்சும் வருவாங்களா பாப்பா?"

"இன்னா பேச்சுப்பா இது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. சொந்தக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். கம்பெனியில் லைன் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்துடலாமா?" என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் இருங்க," என்றேன்.

கம்பெனி வேன் வந்து நின்றது. சுந்தரியும் அக்தரியும் இறங்கினார்கள். அவ்வளவுதான். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"மொத்த லைனும் வர்றோம்னு எழுந்து நின்னோம் பாப்பா," என்றார் அக்தரி. "மேனேஜர் ஓடியாந்தாரு. ரெண்டு பேர் போய்ட்டு வாங்க, நானே வேன் தர்றேன்னாரு. மத்தவங்க மெஷின்ல உக்காந்துட்டாங்க."

சுந்தரி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"கேட்டியாண்ணே? உன் மே மாசந்தான். ரெண்டு பேர விட்டுட்டு லைன அடக்கிட்டான்."

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்தரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஹாரன்.

சுந்தரி எழுந்திருக்கவில்லை.