எல்க் வேட்டைக்கு அம்மா வாங்கிய உடுப்புகள்

எங்கள் குடும்பத்தில் வேட்டைக்குப் போன முதல் ஆள் அம்மா. அப்பாவின் பரம்பரையிலும் சரி, அம்மாவின் பரம்பரையிலும் சரி, அதற்கு முன் யாரும் காட்டுக்குள் மிருகம் தேடிப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. அப்பாவின் ஆட்கள் கடைக்காரர்கள். அம்மாவின் ஆட்கள் ஆசிரியர்கள். வீட்டுக்குள் வந்த கரப்பானைக்கூட தும்புத்தடியால் வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிற சனம்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், எல்லிங்ஸ்ருட்டில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த ஆண்டுகள் அவை. தெரிந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம் போய்வர விமானச் சீட்டு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வேறொரு பயணத்துக்குச் சம்மதித்துவிட்டு வேலையிலிருந்து வந்தாள்.

அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் கிறேத்தே என்று ஒருத்தி இருந்தாள். உயரமான, அதிகம் பேசாத நோர்வேக்காரி. ஒவ்வொரு இலையுதிர்காலமும் லீவு எடுத்துக்கொண்டு கொங்ஸ்விங்கர் பக்கத்தில் இருந்த தன் குடும்பக் காட்டுக்கு எல்க் சுடப் போவாள். எல்க் என்றால் குதிரையைவிட உயரமான, நீண்ட மூஞ்சியுள்ள காட்டு மான். நாங்கள் அதை வீதியோரச் சிவப்பு முக்கோணப் பலகையில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

“இஞ்சாருங்கோ, கிறேத்தே என்னையும் வரச்சொல்லிக் கேட்டவ. நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்” என்றாள் அம்மா, சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டே.

“என்னத்துக்கு?” என்றார் அப்பா.

“பாக்கத்தான்.”

“உமக்கென்ன, விசரே?”

அம்மா பதில் சொல்லவில்லை. அரிசியை அடுப்பில் வைத்தாள். எங்கள் வீட்டில் அம்மா பதில் சொல்லாவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கோ கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எல்க் கடிக்குமா, அது எங்களைக் கண்டால் என்ன செய்யும், கிறேத்தே உண்மையாகவே சுடுகிற துவக்கு வைத்திருக்கிறாளா, என்னையும் கூட்டிப்போக முடியுமா. கடைசிக் கேள்விக்கு ‘பாப்பம்’ என்ற பதில் கிடைத்ததும் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

உடுப்பு விஷயத்தில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். நாள் முழுக்கச் சூளைகளுக்கு முன்னால் நிற்கிறவர். அவருக்குக் குளிர் என்பது வீட்டு வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் மட்டும் இருக்கிற ஒன்று. அதைக் கடக்க அவரிடம் ஒரு மொத்தமான கறுப்பு ஜக்கெற் இருந்தது. “உதிலை ஒண்டைப் போட்டால் காணும்” என்பதே அவர் கட்சி. கிறேத்தே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. காட்டில் முதலில் ஏறுவோம், அப்போது வேர்க்கும். பிறகு அசையாமல் இருப்போம், அப்போது உறையும். ஒரே உடுப்பால் இரண்டையும் சமாளிக்க முடியாது. ஆகவே தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் கொஞ்சம் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றை மறிக்கிற ஒன்று. நடக்கும்போது கழற்று, இருக்கும்போது போடு. பருத்தியை மட்டும் உள்ளே விடாதே. நனைந்த பருத்தி ஆளைக் கொல்லும் என்று அவள் சொன்னாளாம்.

“பருத்தி ஆளைக் கொல்லுமோ?” என்று அப்பா சிரித்தார். அவருடைய பெனியன்கள் எல்லாம் வெள்ளைப் பருத்தி. ஊரிலிருந்து யாராவது வந்தால் கட்டாகக் கொண்டுவரச் சொல்லுவார்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்து நேராக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அம்மா உடுப்பு தெரிவுசெய்த விதத்தை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் கையின் புறத்தால் தடவினாள். பிறகு ஒவ்வொரு ஜக்கெற்றின் கையையும் கசக்கித் தன் காதில் வைத்தாள்.

“உதென்ன, சட்டையைக் காதிலை வைச்சுக் கேக்கிறீர்?” என்று அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார்.

“சத்தம் போடுதோ எண்டு பாக்கிறன். எல்க்குக்குக் காது நல்லாக் கேக்குமாம்.”

நானும் என் இளஞ்சிவப்புக் குளிர்ச்சட்டையைக் கசக்கிக் கேட்டேன். மிட்டாய்த் தாளைப் போலக் கத்தியது. அதோடு அதை வேட்டைக்குத் தகுதியில்லாதது என்று ஒதுக்கினேன். இலையும் கிளையும் அச்சடித்த பச்சைச் சட்டைகள் ஒரு பக்கம் வரிசையாகத் தொங்கின. எனக்கு அவைதான் பிடித்திருந்தன. அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வழவழப்பில்லாத, மண்ணிறத்தில் மெத்தென்ற ஒன்றை எடுத்தாள்.

அம்மாவுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வாங்குகிற எதுவும் வேட்டைக்கு மட்டும் உதவக் கூடாது. வெளிச்சட்டை விடியற்காலை பஸ் தரிப்பில் நிற்கவும் உதவ வேண்டும். எனக்கு எடுக்கிற நடுச்சட்டை பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு நாளிலும் உதவ வேண்டும். உள்கம்பளிதான் கடினம். கடைப்பெண்ணிடம் அம்மா தன் நோர்வே மொழியில் கேட்டாள்: “இதைச் சேலைக்கு உள்ளே போடலாமா?”

கோயிலுக்கு மார்கழியில் சேலையோடு போய் நடுங்குகிற கஷ்டம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். ஆனால் அவள் சிரிக்கவில்லை. சேலை என்றால் கழுத்து எவ்வளவு திறந்திருக்கும், கை எதுவரை வரும் என்று விசாரித்தாள். அம்மா தாங்கியில் தொங்கிய ஒரு நீளச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினாள். இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்து இறங்கிய கம்பளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். முடிவில் கழுத்தோரம் சின்னப் பூக்கள் பின்னிய ஊதா நிறக் கம்பளி ஒன்று தேறியது. அம்மா அதே போல இரண்டு எடுத்தாள்.

“ரெண்டு என்னத்துக்கு?” என்றார் அப்பா.

“ஒண்டு நனைஞ்சால் மற்றது.”

அன்று பின்னேரமே பரீட்சை நடந்தது. அம்மா வாங்கிய எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு, தலையில் வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் தொப்பியும் நெற்றியில் பொட்டுமாக, பல்கனியில் கதிரையைப் போட்டு இருந்தாள். உள்ளே கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தியபடி நானும் தம்பியும். அம்மா அசையவேயில்லை. கை மடியில் கிடந்தது, பார்வை எதிர்க் கட்டடத்துக்கு மேலே. கீழே நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கை காட்டினார். அம்மா கை காட்டவில்லை. அப்பா தேத்தண்ணீரோடு கதவைத் திறந்தார்.

“காணும், உள்ளுக்கு வாரும். சனம் பாக்குது.”

“குளிரேல்லை” என்றாள் அம்மா, உதட்டை மட்டும் அசைத்து.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. முன்பின் தெரியாத காட்டுக்குள், துவக்கு வைத்திருக்கிற ஒருத்தியோடு, மனைவியையும் பிள்ளையையும் தனியே அனுப்புவதா என்று கேட்டார். தானும் வருவதாக அறிவித்தார். தன்னுடைய ஜக்கெற்றே தனக்குப் போதும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

தம்பியை மோர்டென்ஸ்ருட்டில் இருந்த சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கிறேத்தேயின் கார் தார் வீதியை விட்டு இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்திருந்தது. கிறேத்தேயின் சகோதரர்கள் நாயோடு மறுபக்கத்தால் போய் எல்க்கை எழுப்புவார்கள், நாங்கள் மேட்டில் ஓரிடத்தில் காத்திருப்போம் என்று அவள் விளக்கினாள். ஒரு காவலிடத்தில் நாலு பேர் அதிகம்தான், ஆனால் சத்தம் போடாவிட்டால் சரி என்றாள். என்னிடம் வெடிச்சத்தத்தை மறிக்கிற ஒரு பெரிய காதுமூடி தந்தாள்.

ஏற்றம் தொடங்கியதும் கிறேத்தே நடுச்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். அம்மாவும் கழற்றினாள், நானும் கழற்றினேன். அப்பா தன் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். “இந்தக் குளிருக்கை ஆராவது கழட்டுவினமே?” பாதி ஏற்றத்தில் அவர் முகம் பளபளத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது தலையிலிருந்து ஆவி பறந்தது.

நாங்கள் கழற்றியதைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கிறேத்தே விரித்துத் தந்த துண்டுப் பாய்களில் இருந்தோம். முன்னால் மரம் வெட்டிய வெளி, அதற்கப்பால் காடு. கொஞ்ச நேரத்தில் எங்கோ டிக்டிக்கென்று சத்தம் கேட்டது. மரங்கொத்தியாக்கும் என்று தேடினேன். அப்பாவின் பற்கள். வேர்வையில் ஊறிய பெனியன் ஜக்கெற்றுக்குள்ளே ஐஸ் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தாடையைக் கையால் பிடித்துப் பார்த்தார், முழங்காலைக் கட்டிப் பார்த்தார். கிறேத்தே திரும்பி விரலை உதட்டில் வைத்தாள்.

அம்மா பையைத் திறந்தாள். இரண்டாவது ஊதாக் கம்பளியை எடுத்து நீட்டினாள். அப்பா கழுத்தோரப் பூக்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது பெனியன் முறுக்கிய துணியாகக் கையில் இருந்தது. ஜக்கெற்றுக்கு மேலே பூக்கள் எட்டிப் பார்த்தன. நான் கையுறையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய கழுத்துவரை சிப்பை இழுத்து மூடிவிட்டாள். கொஞ்சத்தில் பற்களின் சத்தம் நின்றது.

கிறேத்தே சைகை காட்ட நான் காதுமூடியைப் போட்டேன். உலகம் சத்தம் குறைத்த தொலைக்காட்சி மாதிரி ஆனது. வெளியின் ஓரத்தில் ஒரு மரம் நகர்ந்தது என்று நினைத்தேன், அது எல்க். கொம்பே இல்லை. வீதிப் பலகையில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பின்னால் நீண்ட கால்களை எண்ணி எண்ணி வைக்கிறதுபோல ஒரு கன்று. அது என்ன தின்கிறது, எங்களைக் காண்கிறதா என்று கழுத்தை நீட்டினேன். கிறேத்தேயின் துவக்கு மெதுவாக உயர்ந்தது.

பிறகு நடந்தவற்றின் வரிசை எனக்கு இன்றும் பிடிபடவில்லை. காதுமூடிக்கூடாக ஒரு குத்துப் போல வெடிச்சத்தம் வந்தது. அதே நேரத்தில், அல்லது அதற்கு முன்பே, என் முகம் ஈரப்பாசியில் இருந்தது. எனக்கு மேல் அம்மா. அம்மாவுக்கு மேல் அப்பா. அம்மாவின் உள்ளங்கை என் பிடரியை அழுத்திப் பிடித்திருந்தது. அப்பாவின் ஜக்கெற்றிலிருந்து ரொட்டி மணத்தது. நான் பயப்படவில்லை, பாரம் தாங்காமல் மூச்சுத்தான் முட்டியது. அம்மாவின் வாய் என் காதுமூடியில் உரச, விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ தெரியாது. யாரும் எழும்பவில்லை. காதுமூடி ஒரு பக்கம் விலகியபோது கிறேத்தேயின் குரல் கேட்டது. துவக்கைத் தரையில் வைத்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, யாருக்கும் காயமா என்று கேட்டாள். முதலில் அப்பா எழும்பினார். உடுப்பைத் தட்டிவிட்டார். நோர்வே மொழியில் “வழுக்கிவிட்டது” என்றார். எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: “வழுக்கிப்போட்டுது.”

ஓரிடத்தில் இருந்துகொண்டே மூன்று பேர் எப்படி ஒன்றாக வழுக்கினோம் என்று கிறேத்தே கேட்கவில்லை. எல்க் கன்று விழுந்ததா என்றும் அவள் போய்ப் பார்க்கவில்லை. போத்தலைத் திறந்து கோப்பியை ஊற்றினாள். அப்பாவின் கைக்குள் கோப்பையை வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றித் தன் கையாலேயே மூடினாள்.

“அம்மா, என்ன சொன்னனீங்கள் எனக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை.”

கன்று விழுந்துதான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைத் தவறவிட்டிருந்தோம். நாயும் சகோதரர்களும் வந்தபிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தோம். அதன் கண்மயிர் என் விரலளவு நீளம். அம்மா அதன் நெற்றியைக் கையின் புறத்தால் ஒருமுறை தடவிவிட்டு விலகினாள்.

இறைச்சியில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வீட்டில் அதைச் சட்டிக்குள் விடலாமா என்று பெரிய விசாரணை. மாட்டுச் சாதி என்றால் தொடமாட்டோம். அப்பா கொம்பு, குளம்பு எல்லாம் யோசித்து, “மாடில்லை, மரை” என்று தீர்ப்புச் சொன்னார். வன்னிக் காட்டு மரைமானின் வற்றலை அவர் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறாராம். அதன்பிறகு தூள் போட்டுப் பிரட்டல் கறியாயிற்று. ஊதாக் கம்பளியை அப்பா திருப்பிக் கொடுக்கவேயில்லை. அந்த மாரிக்குளிர் முழுக்க வேலைச் சட்டைக்குள் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வகுப்பில் நான் எழுந்து நின்று வேட்டையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் தடித்தது, வெளியே காற்றுக்குச் சட்டை, பருத்தி கூடவே கூடாது. வீட்டில் வேட்டைக்காரர் இருந்த பிள்ளைகள் தலையாட்டினார்கள். பிறகு துவக்குச் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியதைச் சொன்னேன்: உடனே நிலத்தில் படுக்க வேண்டும், பிள்ளை அடியில், பெரியவர்கள் மேலே, சொல்லும்வரை எழும்பக் கூடாது.

அப்படியொரு விதி இல்லை என்று ஒரு பொடியன் சொன்னான். அவனுடைய அப்பா ஒவ்வொரு வருடமும் வேட்டைக்குப் போகிறவராம், ஒருநாளும் படுத்ததில்லையாம். நான் விடவில்லை. ஆசிரியை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இதை உன் அம்மா அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும்” என்றேன்.

ஆசிரியை என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வருடந்தோறும் வேட்டைக்குப் போகிற ஒருவருக்கு இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் அன்று முழுக்க எனக்கு விளங்கவில்லை.