கண்மாய்க் கரைக்கு வந்த ஸ்பேனர்

என் தங்கை சுகுணாவின் கணவர் முத்துசெல்வம் ஒரு விமான மெக்கானிக். கோவில்பட்டியில் இதை யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "அப்ப டிக்கெட் சும்மா கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது. அவர் கைவைக்கிற விமானத்தில் ரெண்டே ரெண்டு பேர்தான் உட்கார முடியும். அதில் ஒருவர் வாத்தியார். கயத்தாறு போகிற வழியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவில் ஒரு ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, நாலு குட்டி விமானங்கள். அங்கேதான் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறார்.

வாரம் பூராவும் விமானத்துக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மனுசன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய வேண்டும்? வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். இவர் குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடுவார். அதுவும் எங்கே? குற்றாலமா, கொடைக்கானலா? இல்லை. குருமலை அடிவாரம், கழுகுமலைப் பாறை, பெயர் தெரியாத ஏதாவது ஒரு கண்மாய்க் கரை. சீமைக்கருவேலம் தவிர வேறு மரமே இல்லாத ஊரில் நிழல் தேடி முப்பது கிலோமீட்டர் போகிற ஒரே குடும்பம் எங்கள் குடும்பம்தான். என்னிடம் ஒரு ஆம்னி வேன் இருப்பதால் எனக்கும் அழைப்பு உண்டு. வேன் வாங்கியது என் தப்பு.

இந்த உல்லாசப் பயணத்துக்கு விதிமுறைகளும் உண்டு. கிளம்புவதற்கு முன் வேனை ஒரு சுற்று சுற்றி வருவார். நாலு டயரையும் தட்டுவார், குனிந்து அடியைப் பார்ப்பார். தன் சொந்த வண்டியை மச்சினன் இப்படிச் சந்தேகப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது சாமான்களை எண்ணுவார். எவர்சில்வர் தம்ளர் ஆறு, கரண்டி மூணு, மூடி நாலு, பாய் ஒன்று. ஒருமுறை ஒரு மூடி குறைந்தது என்று வைப்பாற்று மணலில் எங்களை ஒரு மணி நேரம் தேடவிட்டார். மூடி, புளியோதரைத் தூக்குவாளியிலேயே இருந்தது. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"அவிய வேலை அப்பிடிண்ணே" என்று சுகுணா புருஷனுக்கு வக்காலத்து வாங்குவாள். அந்த வேலை எப்படி என்பதையும் அவர் எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார். பெட்டியில் நாற்பது ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்திலேயே குழி வெட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்திருக்கும். வேலை முடிந்ததும் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் வெளியே போகும். ஒரு குழி காலியாக இருந்தால் அந்த ஸ்பேனர் விமானத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று அர்த்தம். மேலே போன பிறகு அது உருண்டு போய் ஏதாவது கம்பிக்கு நடுவில் மாட்டினால், ஓட்டுகிறவர் கதை முடிந்தது.

சரி, விமானத்துக்கு அது நியாயம். புளியோதரைத் தூக்குவாளி எந்த உயரத்தில் பறக்கிறது?

போன மார்கழியில் நடந்தது இது. முத்துசெல்வம் ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து படித்து, மெக்கானிக்குக்கு மேலே உள்ள பரீட்சையைப் பாஸ் பண்ணியிருந்தார். இந்த விமானம் பறக்கலாம் என்று கடைசிக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் திங்கட்கிழமை காலையில் அவருக்குத் தருவதாகப் பள்ளியின் தலைமைப் பொறியாளர் சுந்தரபாண்டியன் சொல்லிவிட்டார். பதினாலு வருஷம் இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்து நின்றவருக்கு இது லேசுப்பட்ட விஷயமில்லை. சுகுணா எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள். திங்கட்கிழமைக்கென்று நீல நிறத்தில் ஒரு சட்டை எடுத்து, தேய்த்து, மாட்டியும் வைத்திருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை ரோட்டில் ஒரு கண்மாய்க் கரை என்று முடிவானது. அன்றைக்குக் காலையில் அவருக்குப் பாதி நாள் வேலை. பத்து மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்தால் அப்படியே போய்விடலாம் என்றார். நான் சரியாகப் பத்துக்கு வேனை நிறுத்தினேன். பத்தேகால் ஆனது, ஆளைக் காணோம். வேனுக்குள் சுகுணாவும் அவள் மகள் செண்பாவும் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தேன். போன் பண்ணினேன். திரும்ப ஹாரன் அடித்தேன். ஓடுதளத்தில் மேய்ந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. கடைசியில் மனுசன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"என்ன மாப்ள, பிளைட்டுக்கு முத்தம் குடுத்துட்டு வாரீரா?" என்றேன். சிரித்தார். வழக்கம்போல டயரைத் தட்டினார்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. நாரைகள் நின்றன. கரிசல் மண் ஈரத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. செண்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பாயை விரித்துப் படுத்துக் காராச்சேவு தின்றேன். நேர்மையாகச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு மணி வாக்கில் சுகுணா, சிந்திய குழம்பைத் துடைக்கத் துணி வேண்டும் என்று அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டாள். கிரீஸ் துடைக்கிற துணி ஒன்று சுருட்டியபடி வந்தது. உதறினாள். பாயில் டங்கென்று ஒரு ஸ்பேனர் விழுந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதில் பதினேழு என்று பொறித்திருந்தது.

முத்துசெல்வம் கையில் சோற்றோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். எங்களை மணலில் மூடி தேடவிட்ட மனுசன் இல்லையா! "ஆறு தம்ளரை எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு இது தெரியலியே மாப்ள!"

அவர் சிரிக்கவில்லை. "நான் பாக்கல மச்சான்" என்றார். "துணியில வச்சுத் தொடச்சேன். ஹாரன் சத்தம் கேட்டுச்சு. அப்பிடியே சுருட்டிப் பையில போட்டுட்டேன் போல. பெட்டியை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு குழியக்கூடப் பாக்கல."

காலையில் அவர் வேலை பார்த்த விமானம் நாலு மணிக்குப் பறக்க இருந்தது. ஓட்டப் போகிறவள் ஷிரின். எங்கள் ஊர் ஜவுளிக்கடை செய்யது அலியின் மகள். வாத்தியார் இல்லாமல் அவள் தனியாகப் பறக்கிற முதல் நாள். அதைப் பார்க்க அவள் குடும்பமே ரெண்டு கார்களில் பிரியாணி தேக்சாவோடு வரப்போகிறது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு விவகாரம் தெரியாதா? "மாப்ள, கொஞ்சம் யோசியும். ஸ்பேனர் உம்ம கையில இருக்கு. பிளைட்டுக்குள்ள இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. நாளைக்குக் காலம்பற போய்க் கமுக்கமா குழியில வச்சிரும். நாளைக்கு உமக்கு என்ன நாளுன்னு ஞாபகம் இருக்கா?"

"இந்த ஒண்ணு என் கையில இருக்கு. மத்த முப்பத்தொம்போதும் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாது மச்சான்."

"அங்கனதான் இருக்கும். எங்க போயிரும்?"

"இருக்கும்தான். ஆனா நான் பாத்தேன்னு எழுதியிருக்கேன்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வருஷப் படிப்பு, பதினாலு வருஷக் காத்திருப்பு, அத்தனையும் சுண்டுவிரல் நீளத்து இரும்புக்காகப் போகப் போகிறது. "சுகுணா, நீயாவது சொல்லேன்" என்றேன். அவள் மாட்டி வைத்திருக்கிற சட்டையை நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். கண்மாய்ப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. சந்தோஷப்பட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். சுகுணா இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து நீட்டினாள். "இதுல ரெண்டு கோடு காட்டுது. கரை மேல ஏறிப் பேசுங்க. நாலு மணி ஆயிரப் போவுது" என்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

அவர் வெறுங்காலோடு கரை மேல் ஏறி நின்று பேசினார். என்ன பேசினார் என்று எங்கள் காதில் விழவில்லை. ஆனால் யாரிடமோ கைகட்டி நிற்பது போல ஒரு கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். ரெண்டு நிமிஷம்தான். இறங்கி வந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிடாமல் கைகழுவினார்.

நேரே பள்ளிக்குத்தான் போனோம். விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளி, இருக்கைகளைக் கழற்றி, தகடு தகடாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்யது அலி குடும்பம் வேப்பமரத்தடியில் பிரியாணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஷிரின் யாரோடும் பேசாமல் தனியாக நின்றாள். பொழுது சாயும்வரை தேடினார்கள். என்ன கிடைத்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. முப்பத்தொன்பதும் அதனதன் குழியில் பத்திரமாக இருந்தன. பெட்டி சரியாக இருந்தாலும், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட விமானத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பது விதியாம். நான் அப்போதே சொன்னேன் அல்லவா! உலகத்தில் நான் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

திங்கட்கிழமை அவர் பழைய சட்டையில்தான் போனார். சுந்தரபாண்டியன் திட்டவில்லையாம். ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, அவசரத்துக்கு என்ன காரணம் என்று எழுதச் சொன்னாராம். அந்த நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது காவலாளி முதல் ஆட்டுக்காரன் வரை எல்லாருக்கும் தெரியும். முத்துசெல்வம் என்ன எழுதினார் என்று சுகுணா போனில் சொன்னாள்: 'காரணம் எதுவும் இல்லை. என் கவனக்குறைவு.'

என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குக் கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இந்த மனுசன் அதற்கும் வழி வைக்கவில்லை. எனக்கு அசிங்கமாக இருந்தது.

போனை வைத்தேன். அப்போது நான் வேலையில் இருந்தேன். நான் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் சூப்பர்வைசர்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேசை மேல் தினமும் வருகிற நோட்டு வந்து கிடந்தது. தீயணைப்பு வாளிகள் பன்னிரண்டு, தண்ணீர் ஆறு, மணல் ஆறு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருஷமாகப் போடுகிறேன். அரை நிமிஷ வேலை, டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டே போடலாம். பேனாவைத் திறந்தேன். பிறகு எழுந்து பின்பக்கம் போனேன்.

தண்ணீர் வாளிகளில் நாலு காய்ந்து கிடந்தன. ஒன்றுக்கு அடியே இல்லை. மணல் வாளி ஒன்றில் யாரோ துளசி நட்டிருந்தார்கள். நன்றாக வளர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்கள் உட்கார்ந்து குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குடிக்க வந்த காளீஸ்வரி என்னை அங்கே பார்த்ததும் பதறிப்போனாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஆபீசர் யாரும் வாராகளா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றேன்.

"பொறவு எதுக்கு இங்கன வந்து பாக்குதீக?"

ரெண்டு வாளிகளைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.