டைலர் அக்காவின் எலாஸ்டிக்

எலாஸ்டிக்கைக் கட்டைவிரலில் மாட்டி, முழ நீளத்துக்கு இழுத்து, விட்டு, அளவுகோலின் மேல் வைத்துப் பார்ப்பார். நீளம் அரை நூல் அளவு கூடியிருந்தாலும் போதும், சுருள் முழுவதும் கடைக்கே திரும்பிப் போகும். “இழுத்தா வரணும். விட்டா பழைய இடத்துல போய் உக்காரணும். நடுவுல சொந்த யோசனை கூடாது.” இது டைலர் அக்கா எலாஸ்டிக்குக்கு விதித்த சட்டம். அவர் தைத்த கால்சட்டைக்குள் தெருமுனை மளிகைக்காரர் மூன்று முறை இளைத்து நான்கு முறை பெருத்தார். இடுப்புப்பட்டி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் அப்படியே இருந்தது.

வாயில் ஆறு குண்டூசிகளோடு பேசுவார். ஏழாவதைச் செருகினாலும் வார்த்தை குத்தாமல் வெளியே வரும். தையல் இயந்திரத்தின் மேல், அளவு நோட்டுக்குப் பக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் ‘மீட்சியும் மோதலும்’ பாடத்தில் விரிந்திருக்கும். தொழிற்பயிற்சிப் பள்ளியில் தையல் ஆசிரியை வேலை அவருக்காகவே காத்திருந்தது, சான்றிதழ்தான் இல்லை. மற்றப் பாடங்களைத் தாண்டிவிட்டார். இயற்பியல் செய்முறைத் தேர்வில் மட்டும் இருமுறை சறுக்கல். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

சறுக்கியது மீட்சி, அதாவது எலாஸ்டிக் தன்மை பற்றிய ஒரே கேள்வியில். “எஃகு, ரப்பர், எதுக்கு மீட்சி அதிகம்?” என்றார் தேர்வாளர். “ரப்பருக்குத்தான் சார். இரும்பை இடுப்புல கோக்க முடியுமா?” என்று அக்கா சிரித்தார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், சிரிப்பு மட்டும் இல்லை.

“இருபது வருஷமா எலாஸ்டிக்கோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?” என்று வீட்டில் பொரிந்தார்.

“என்னோட நடத்தினதைவிட அதிகமாத்தான்” என்றார் பேருந்து ஓட்டுநரான கணவர். “மோதலைப் பத்தி என்கிட்ட கேக்காதே தாயே. என் பஸ்ஸுல அந்தப் பாடமே கிடையாது.”

ஒரு மதியம், வெட்டுமேசையைத் துடைக்கும்போது ஓர் உலோகப் பொத்தானைச் சுண்டிவிட்டார். அது இன்னொன்றின் மேல் இடித்து, பிரேக் போட்டதுபோல் நின்றது. இடிபட்டது அதே வேகத்தில் ஓடி மேசையிலிருந்து குதித்தது. துணி சுற்றிய பொத்தான் ஒன்றை அதேபோல் இன்னொன்றின் மேல் சுண்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டு சோம்பேறிகள் போல் கொஞ்ச தூரம் நகர்ந்து படுத்துவிட்டன.

“என்ன, பொத்தானுக்குப் பந்தயமா? சோறு ஆறுது” என்றார் கணவர்.

“இருங்க. இது வாங்கினதை முழுசா குடுத்துட்டு நிக்குது. துணி போட்டது பாதியை முழுங்கிடுது.” சட்டென்று எலாஸ்டிக்கை எடுத்து இருபது முறை இழுத்து விட்டு, உதட்டில் ஒற்றிப் பார்த்தார். வெதுவெதுப்பு. “அடப்பாவி! நீளத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, சூட்டை மடியில கட்டிக்கிட்டியே!” மாலை வரை அந்தச் சுருளோடு அவர் பேசவில்லை.

தேர்வு நாளன்று அதே தேர்வாளர். மேசை மேல் நூல்களில் தொங்கும் இரண்டு எஃகுக் குண்டுகள். அதே கேள்வி.

“எஃகுக்குத்தான் சார். ரப்பர் நல்லா வளைஞ்சு குடுக்கும், ஆனா வாங்கினதுல கொஞ்சத்தைச் சூடா அமுக்கிடும். எஃகு வாங்கினதை அப்படியே கைமாத்தி விட்டுடும்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “செஞ்சு காட்டுங்க.”

அக்கா ஒரு குண்டை இழுத்து விட்டார். அது நிற்கவில்லை, மற்றது பக்கவாட்டில் சுழன்றது. தேர்வாளரின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

“ஒரு நிமிஷம் சார். விளிம்பு கோணலா இருக்கு.”

ஒரு குண்டு நெல்லளவு தாழ்ந்து தொங்கியது. முடிச்சை அவிழ்த்து, ஏற்றிக் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்தெறிந்தார். மறுபடியும் விட்டார். ‘டிக்.’ வந்தது நின்றது, நின்றது பறந்தது.

தேர்வாளர் இந்த முறை மதிப்பெண்ணை இரண்டு இலக்கத்தில் எழுதினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக் குண்டுகளின் முன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மட்டம் பார்த்துக் குனிந்திருந்தார்.