கூப்பிடும் வரை வராதே

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாதப் பள்ளி விடுமுறையில், புதுச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் நடந்தது இது. பிள்ளைகள் படிக்கிற பக்கத்துக்கு எழுதுகிறேன் என்பதால், என் தப்பை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நாங்கள் சாரம் பகுதியில் குடியிருக்கிறோம். நான் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. என் மனைவி கதிர்காமம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

எனக்கு ஒரு ஆசை உண்டு. படம் எடுப்பது. போனில் இல்லை, தோளில் மாட்டுகிற பெரிய கேமராவில். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் பிரான்சில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது புதுசு வாங்கி வந்தார். பழசை எனக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வீட்டில் இல்லை. எங்கள் ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் படம் போட்டால் மற்றவர்கள் குறை சொல்வார்கள். ஒரு தடவை நான் கடற்கரையில் விடியற்காலை வெளிச்சத்தை எடுத்துப் போட்டேன். ‘அருமை. ஆனால் ஓரத்தில் ஒரு கை வந்து கெடுத்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினார். அந்தக் கை என் மகளுடையது. அதற்குப் பிறகு, படத்தில் ஆள் வரவே கூடாது என்பது எனக்கு ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த விடுமுறையில் மகள் தீவுக்குப் போகணும் என்று நச்சரித்தாள். அவள் வகுப்பில் ஒரு பெண் அந்தமான் போய்விட்டு வந்திருந்தாளாம். அந்தமானுக்குப் போக நமக்கு வசதி ஏது? ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு நீள மணல் திட்டு இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. படகில்தான் போக வேண்டும். எங்களுக்கு அதுதான் தீவு. மனைவிக்கு அன்று பகல் டூட்டி. போகும்போது, “பாப்பாவுக்கு டிரெஸ் கட்டில் மேல எடுத்து வச்சிருக்கேன். தண்ணிகிட்ட கைய விடாதீங்க. கேமராவப் பாத்துக்கிட்டே நிப்பீங்க நீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிரித்தேன்.

மதியம் போய் இறங்கினோம். மணல் அப்படி ஒரு வெள்ளை. கடல் பச்சையும் நீலமுமாக இருந்தது. நான் அப்போதே வேறு ஆளாகிவிட்டேன். மகள் பாவம், என்னோடு பேச வந்தாள். நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

“அப்பா, இங்க நிக்கட்டுமா?”

“இன்னும் கொஞ்சம் தள்ளும்மா. உன் நெழல் விழுது.”

“இங்க?”

“இன்னும் தள்ளு.”

அன்றைக்கு நான் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். தள்ளு.

மாங்காய்ப் பத்தையும் வேர்க்கடலையும் விற்கிற ஒரு அம்மா, பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், என்னையே பார்த்துக்கொண்டு போனார். “என்னாண்ணா, அப்போலேர்ந்து மணலையே படம் புடிக்கிற. மணல் என்னா சிரிக்குதா?” என்று கேட்டார். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

பிறகு ஆற்றுப் பக்கம் போனோம். அங்கே காற்று மணலில் வரி வரியாகக் கோலம் போட்டிருந்தது. ஒரு காலடி கூட இல்லை. நான் குப்புறப் படுத்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவது எடுக்கும்போது பார்த்தால், நடு மணலில் சின்னச் சின்னக் காலடிகள். மகள் நடந்து போயிருக்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! கண்ணை எடுக்காமலே கத்தினேன். “எல்லாம் பாழாக்கிட்டியே! அந்தப் பக்கம் தள்ளிப் போ. நான் கூப்பிடற வரைக்கும் வராத!”

“சரிப்பா” என்று ஒரு குரல் கேட்டது. எந்தத் திசையிலிருந்து கேட்டது என்று நான் பார்க்கவில்லை.

அந்தப் படம் கெட்டுப் போய்விட்டது என்று எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, அலையை எடுக்கலாம் என்று கடல் பக்கம் நடந்தேன். அவள் வழக்கம்போல் பின்னால் வருகிறாள் என்றே நினைத்தேன். நிஜமாகச் சொல்கிறேன், கூப்பிடும் வரைக்கும் வராதே என்று சொன்னதே எனக்கு மறந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அலையை எடுத்தேனோ தெரியாது. “பாப்பா, இங்க பாரு, சூப்பரா வந்துருக்கு” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

முதலில் பயம் வரவில்லை. கீற்றுக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். பந்து விளையாடுகிற பிள்ளைகள் நடுவில் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். அதற்கப்புறம் கடலைப் பார்த்தேன். பிள்ளைகளே, அதுவரைக்கும் அழகாக இருந்த அதே கடல், அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. எத்தனை தலைகள் தண்ணீரில் தெரிந்தன! ஒவ்வொன்றும் மறைந்து மறைந்து எழுந்தது.

சிவப்புப் பனியன் போட்ட லைஃப்கார்டு ஓடி வந்தார்.

“கடைசியா எங்க சார் பாத்தீங்க?”

“இங்கதான். என் பின்னாலதான் வந்தா.”

“என்ன டிரெஸ்?”

மஞ்சளா? நீலமா? வீட்டிலிருந்து என்னோடு பைக்கில் வந்த பிள்ளை. படகில் என் மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளை. என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

“பரவால்ல சார், கேமரா வச்சிருக்கீங்கல்ல, அதுல இருக்குமே, காட்டுங்க” என்றார்.

நானும் அதே நம்பிக்கையில்தான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அலை. அலை. படகுக் கயிறு. நண்டு வளை. தேங்காய் மட்டை மேல் ஒரு காக்கா. மறுபடி அலை. சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் அந்தச் சின்னத் திரையையே எட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் கூட என் மகள் இல்லை. அத்தனை கவனமாக அவளை ஒதுக்கியிருந்தேன்.

“ஒண்ணு கூடவா எடுக்கல?” என்று யாரோ கேட்டார்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்கள். எனக்கு அது அறைந்த மாதிரி இருந்தது.

வேறு வழியில்லை. மனைவிக்குப் போன் போட்டேன்.

“பாப்பாவுக்கு என்ன டிரெஸ் எடுத்து வச்ச?”

“பச்சை கவுன். ஏன் கேக்கறீங்க?”

நான் திரும்பி லைஃப்கார்டிடம் ‘பச்சை கவுன்’ என்றேன்.

“ஏங்க? பாப்பா எங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். போன் என் தோள்பையில் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது.

லைஃப்கார்டு பச்சை கவுன் என்று விசிலோடு கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முன்பின் தெரியாத ஆட்கள் கையோடு கை கோத்து வரிசையாக இறங்கித் தேடினார்கள். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீச்சல் தெரியாது எனக்கு. கேமராவில் விரல் தானாகவே படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த மாங்காய் அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“நில்லுண்ணா. பின்னாடி போ. அந்தப் படம்.”

பாழாய்ப் போன படம். வரி மணலில் சின்னக் காலடிகள்.

“இது ஒன் பொண்ணு காலா?”

“ஆமா. ஆனா அது அப்போ. ஆத்துப் பக்கம் எடுத்தது.”

“இதுக்கு அப்புறம் பொண்ண ஒன் கண்ணால பாத்தியா?”

பார்க்கவில்லை. பின்னால் வந்தாள் என்று நானாக நினைத்ததுதான். கேமராவில் அந்தப் படத்துக்கு நேரே நேரம் போட்டிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் விரலைத் திரையின் மேல் ஓரத்தில் வைத்தார். மங்கலாக ஒரு கம்பு தெரிந்தது. “இது வல கட்டறதுக்கு எங்காளுங்க முகத்துவாரத்துல நட்டு வச்ச மூங்கிலு. காலு நேரா அங்கதான் போவுது. பொண்ணு கடலுக்கு வரல.” சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “ஐயோ, தண்ணி ஏறுற நேரமாச்சே. ஓடியாண்ணா!”

கூடையை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மணலில் ஓடினால் கால் முன்னே போகாது, தெரியுமல்லவா? கனவில் ஓடுகிற மாதிரி இருந்தது.

முகத்துவாரத்தில் அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணல் மேடு. மதியம் நாங்கள் வரும்போது அது திட்டோடு ஒட்டித்தான் இருந்தது. இப்போது நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், ஆனால் வேகமாக. மேட்டில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் மணல் மிச்சம். அதில் பச்சை கவுன் போட்டுக்கொண்டு என் மகள் நின்றாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கையை வாயருகில் குவித்துக்கொண்டு கேட்டாள்.

“வரட்டுமாப்பா?”

வா என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “கூப்புடாத! எறங்குனா இழுத்துக்கினு பூடும். நிக்கச் சொல்லு!”

“அங்கயே நில்லும்மா! அசையாத! அப்பா வரேன்!”

“சரிப்பா.”

அதே குரல். அதே ‘சரிப்பா.’

“நீச்சல் தெரியுமா?” என்றார் அந்த அம்மா. தெரியாது என்றேன். “அப்ப அத்த கழட்டிக் கடாசிட்டு என் கையப் புடி. நான் கால் வைக்கிற எடத்துல வையி.” கேமராவையும் தோள்பையையும் மணலில் போட்டேன். எங்கே போட்டேன் என்று கூடத் தெரியாது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரை நேராகக் கடக்காமல், மேலே கொஞ்சம் நடந்து சாய்வாக இறங்கினார். முட்டி வரை வந்தது, இடுப்பு வரை வந்தது. காலுக்குக் கீழே மணல் கரைந்து கரைந்து போனது. என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியின் தடம் மறுநாளும் இருந்தது.

மேட்டில் ஏறி மகளைத் தூக்கினேன். அவள் பாதம் நனைந்திருந்தது. என் சட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி வரும்போதே ஏம்மா ஓடி வரல?”

“நீதான கூப்பிடற வரைக்கும் வராதன்னு சொன்ன.” கொஞ்ச நேரம் கழித்து, என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். “போட்டோ நல்லா வந்துச்சாப்பா?”

அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எப்படியோ திரும்பக் கரைக்கு வந்தோம். பின்னாலேயே ஓடி வந்திருந்த லைஃப்கார்டு இறங்கி மகளை வாங்கிக்கொண்டார். மாங்காய் அம்மாவின் கூடையை யாரோ பத்திரமாகத் தூக்கி வந்து வைத்தார்கள். நான் அவர் காலில் விழப் போனேன். “ச்சீ, எழுந்திரு. கட்ன பொண்டாட்டி போன் அடிச்சிக்கினே கீறா, மொதல்ல அத்த எடு” என்றார். மகள் கையில் ஒரு மாங்காய்ப் பத்தையைக் கொடுத்துவிட்டு, “ஒங்கப்பன் மறுபடி தள்ளு தள்ளுன்னா, நீ போவாத. அவன் எதிர்ல வந்து நில்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு மனைவி வீட்டுக்கு வந்தாள். போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தூங்குகிற மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னாள். “இனிமே பாப்பாவுக்கு டிரெஸ் நீங்க எடுத்து வைங்க.” அன்றிலிருந்து எடுத்து வைக்கிறேன். வேலைக்கு நடுவில், ஏதோ ஒரு வீட்டு ஏசியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, இன்றைக்கு அவள் என்ன போட்டிருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பிள்ளைகளே, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் தண்ணீர் காலைத் தொட ஆரம்பித்தால், அப்பா என்ன சொல்லியிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். படம் கெட்டால் கெடட்டும். அப்பா திட்டினால் திட்டட்டும். பெரியவர்களுக்கு, அவர்கள் சொன்னதே மறந்து போகும். எனக்கு மறந்தது.

அந்தப் பாழான படத்தை நான் அழிக்கவில்லை. பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் வெறும் மணலைப் போய் மாட்டியிருக்கிறாயே என்பார்கள். கேமராவில் அன்றைக்கு மணல் போய்விட்டது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இன்னும் நறநற என்கிறது. அதைச் சரி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஒரு தடவை திரும்பி அவளைத் தேடுகிறேன். “இங்கதான் இருக்கேன்ப்பா” என்ற குரல் வந்த பிறகுதான், இன்றுவரைக்கும், பொத்தானை அழுத்துகிறேன்.