ஆடிக்கு ஒதுக்கி வைத்த பாடங்கள்

அழகு நிலையத் தொழிலில் கைகள் இரண்டும் எப்போதும் வேலையில் இருக்கும்; காதுகள் மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுகளை நம்பித்தான் நான் ஆன்லைனில் பி.காம். சேர்ந்தேன். கடை திண்டிவனத்தில், வீடு விழுப்புரத்தில், கல்லூரி செல்போனில். இது கடைசிப் பருவம். பட்டம் வந்துவிட்டால் ஆவணியில் வந்து சேருங்கள் என்று விழுப்புரத்தில் ஓர் அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலை. வேலையும் படிப்புமாக ஓடுகிற உங்களுக்கு அந்த ‘உட்கார்ந்து’ என்ற சொல்லின் அருமை தெரியும்.

க்ரீம் கையும் கணக்கியலும்

ஃபேஷியல் செய்யும்போது விரலெல்லாம் க்ரீம். செல்போனைத் தொட முடியாது. பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்து, பதிவு செய்த பாடத்தை ஸ்பீக்கரில் ஓடவிடுவேன். இயர்போன் மாட்டலாமே என்பீர்கள். மாட்டினால், கண் எரிகிறது என்று வாடிக்கையாளர் சொல்வது கேட்காது.

அன்று படுத்திருந்தவர் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா. கண்களின் மேல் வெள்ளரித் துண்டுகள். மூலதனச் செலவு எது, வருவாய்ச் செலவு எது என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் வேகமெடுக்க, என் விரல்களும் தாமாக வேகமெடுத்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “இரும்மா, தேய்ச்சி தேய்ச்சி தோலே வந்துடப்போவுது. மொதல்ல இதச் சொல்லு, இந்த ஃபேஷியலு எந்தச் செலவுல வரும்? வூட்ல கேட்டா சொல்லணுமில்ல.”

ஒற்றைப் புருவம்

நேரலை வகுப்பில் இன்னொரு தொல்லை உண்டு. நடுவில் திடீரென்று ஒரு சிறு தேர்வு திரையில் வரும். சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். அந்த மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். அது எப்போது வரும் என்று ஆசிரியர் சொல்லமாட்டார். எனக்கு மட்டும் அது எப்போதும் புருவம் திருத்தும் நூல் பல்லில் இருக்கும்போதுதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வலது புருவத்தை முடித்து இடதுக்குப் போகும் நேரம். செல்போனில் தேர்வு மணி அடித்தது. நூலைக் கடித்தபடியே செல்போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் எழுந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். “எழுதுக்கா. இப்படியே போனா எங்க வூட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. மாமியாருதான் ஊரக் கூட்டிடுவாங்க. ஜல்தி முடி.”

அமாவாசைத் திட்டம்

அமாவாசையன்று யாரும் முடி வெட்ட வரமாட்டார்கள். சீக்கிரம் கடையடைத்து, பேருந்தில் உட்கார்ந்து ஒரு பாடத்தை முடிப்பது என் திட்டம். ஆனால் அன்றைக்குப் பேருந்துகள் பாதி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத் திருப்பிவிடப்படும். மிச்சமிருக்கும் வண்டியில் நிற்கவே இடம் கிடைக்காது.

ஒரு கையால் கம்பியையும் மறு கையால் செல்போனையும் பிடித்து, இயர்போனில் தணிக்கைப் பாடம் கேட்டுக்கொண்டு நின்றேன். சீட்டில் இருந்த அம்மா என்னையே பார்த்தார். இடம் தரப்போகிறார் என்று நினைத்தேன். மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினார். குழந்தை வந்ததும் திரையில் ஒரு தட்டு தட்டியது. பாடம் ஆரம்பத்துக்கே போய்விட்டது. “அந்த போன அதுங்கிட்டயே குடுத்துடும்மா, இல்லைன்னா பேஜாரு பண்ணிக்கினே இருக்கும்.”

நாட்காட்டியில் ஒரு தவறு

எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் முடிவு செய்வது சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டிதான். முகூர்த்த நாள் என்றால் படிப்பு கிடையாது. ஆடியில் கல்யாணமே இல்லை. ஆகவே, கடினமான பாடங்களை எல்லாம் மொத்தமாக ஆடிக்கு ஒதுக்கி வைத்தேன். கேட்கும்போதே உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? எனக்கு இல்லை. நிம்மதியாக இருந்தேன்.

பிறகு தேர்வு அட்டவணை வந்தது. கடைசித் தாள் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று, காலை பத்து மணிக்கு. அன்றைக்கு மயிலத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். ஒதுக்கி வைத்த பாடங்களை இருந்த சில நாட்களில் விழுங்கினேன். கடையில் என்னோடு மருதாணி போடும் கல்பனா நாட்காட்டித் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “ஆடி எங்கயும் போவலக்கா, அங்கயேதான் இருக்குது. பரீட்சைதான் அவசரப்பட்டு வந்துடுச்சி.”

மணப்பெண் அறையில்

மயிலத்தில் தாலி கட்டி முடிந்தது. வரவேற்புக்கு இன்னொரு அலங்காரம் பாக்கி. பத்து மணித் தேர்வை வீட்டில் எழுதிவிட்டுத் திரும்ப நேரமில்லை. மணப்பெண் பவித்ராதான், “இங்கயே எழுதுக்கா” என்றாள். பவித்ராவுக்குத் தலையலங்காரம் செய்யும் பொறுப்பை என்னோடு வந்திருந்த கல்பனா ஏற்றுக்கொண்டாள். பவித்ராவின் அத்தை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

செல்போனில் எழுதும் இந்தத் தேர்வில் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு முகம் தெரிந்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிவிடும். அத்தை காபியோடு எட்டிப் பார்த்தார், முதல் எச்சரிக்கை. பவித்ராவும் கல்பனாவும் கேமராவுக்குத் தெரியாமல் மூலையில் தரையில்தான் இருந்தார்கள். ஆனாலும் இரண்டாவது வந்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் பூச்சூடிய மணப்பெண்.

பவித்ரா சற்று முன் மாற்றிய முகூர்த்தப் புடவையை எடுத்து, தவழ்ந்தே போய், கண்ணாடியின் மேல் போர்த்தினாள். அந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையை முதுகுப்புறமாக வைத்துக்கொண்டு மீதியை எழுதினேன். கடைசிக் கேள்வியில் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளை. போட்டோக்காரர் காத்திருக்கிறாராம். வெளியிலிருந்து அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. “இருங்க மாப்ள, உள்ள பரீட்சை நடக்குது. பாஸானாதான் பொண்ண வெளிய அனுப்புவோம்.”

பாஸாகிவிட்டேன், ஆவணியில் விழுப்புரத்தில் வேலை. இப்போது ஆடி, கடையில் ஆளே இல்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது, படிக்கத்தான் ஒன்றும் பாக்கியில்லை.